மேசையில் இருக்கிற போனுக்கும் ஒரு வேலை இருக்கிறது

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். விஷயம் பார்க்கச் சின்னது: நம்முடைய அலுவலக மேசைகளில் இருக்கிற டெலிபோன். அதில் இருக்கிற பட்டன்களையும் மெனுவையும் நாம் பழகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் கருத்து. பாடசாலைக் காரியாலயம், கடற்றொழிலாளர் சங்கம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, அரச அலுவலகம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நாயாற்றில் இருக்கிற ஒருவர், தான் கொடுத்த ஒரு விண்ணப்பம் என்ன நிலையில் இருக்கிறது என்று அறிய வேண்டும். செம்மலை, அளம்பில் எல்லாம் தாண்டி முல்லைத்தீவு டவுனுக்குப் போக வேண்டும். கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய்ப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் தூரம். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் காலை முழுக்கப் போய்விடும். போய்ச் சேர்ந்தால் “அந்த உத்தியோகத்தர் இண்டைக்கு ஃபீல்டுக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்க” என்ற பதில். கடலுக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் தொழில். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம். கைக்குழந்தையோடு போகிற தாய்க்கு அது என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கேள்வியை இரண்டு நிமிடக் கோலில் முடித்திருக்கலாம். ஆனால் கோல் எடுத்தால் என்ன நடக்கிறது? ஒன்று, யாரும் எடுப்பதில்லை. இரண்டு, எடுத்தவர் “அது இந்தப் பகுதி இல்லை” என்று வைத்துவிடுகிறார். மூன்று, “ஒரு நிமிஷம் இருங்க” என்று ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டுப் போகிறார். மின்விசிறிச் சத்தமும் யாரோ தேத்தண்ணி குடித்தபடி கதைக்கிற சத்தமும் கேட்கும். ஐந்து நிமிடத்தில் லைன் கட் ஆகும். நம் பகுதியில் இந்த மூன்றையும் அனுபவிக்காத ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இதைச் சொன்னால் உடனே “அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு மனசு இல்லை” என்பார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். மனசில்லாத ஆட்களும் இருக்கலாம். ஆனால் பல இடங்களில் கோல் கட் ஆவதற்குக் காரணம் பட்டன் தெரியாததுதான். பக்கத்து அறைக்கு லைனை மாற்றிவிட உண்மையிலேயே விரும்பி, மாற்றத் தெரியாமல், “நீங்க இந்த நம்பருக்கு எடுங்க” என்று இன்னொரு நம்பர் சொல்கிற தங்கைமார்களை நாம் கண்டிருக்கிறோம். மனசை மாற்றுவது கஷ்டம். பட்டனைப் படிப்பிக்க அரை மணித்தியாலம் போதும். அதனால்தான் அதிலிருந்து தொடங்குவோம் என்கிறோம்.

சரி, அந்தப் பட்டன்கள் என்ன?

முதலாவது, ஹோல்ட். இதை அழுத்தினால் மறுபக்கம் இருப்பவருக்கு நம் அறையின் சத்தம் கேட்காது, லைனும் போகாது. ரிசீவரை மேசையில் வைப்பது வேறு விஷயம். அப்போது அதன் வாய் திறந்தபடியே இருக்கிறது. அஸ்வெசும பட்டியலில் யார் பெயர் வெட்டுப்பட்டது, யார் வீட்டில் என்ன பிரச்சினை, எந்தப் பிள்ளை ஏன் பாடசாலைக்கு வரவில்லை, எல்லாம் யாரோ ஒருவரின் காதுக்குப் போகிறது. ஒருவரின் விஷயம் நம் மேசைக்கு வந்தால் அது அமானிதம். அதைக் காப்பாற்ற ஒரு பட்டன் இருக்கும்போது அழுத்தாமல் விடலாமா? பக்கத்தில் மியூட் என்று இன்னொன்று இருக்கும். அதை அழுத்தினால் அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. இரண்டையும் குழப்பக் கூடாது.

இரண்டாவது, ட்ரான்ஸ்பர். இதில் இரண்டு வழி. ட்ரான்ஸ்பரை அழுத்தி, உள் இலக்கத்தை அடித்து, உடனே ரிசீவரை வைத்துவிடுவது ஒரு வழி. அங்கே ஆள் இல்லாவிட்டால் அழைத்தவர் அந்தரத்தில் நிற்பார். மற்ற வழி: ட்ரான்ஸ்பரை அழுத்தி, உள் இலக்கத்தை அடித்து, அங்கே எடுக்கும் வரை காத்திருந்து, “நாயாற்றிலிருந்து ஒரு ஐயா, வள்ளப் பதிவு விஷயமாக” என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுப் பிறகு வைப்பது. எடுக்காவிட்டால் அழைத்தவரிடமே திரும்பி வந்து, எப்போது எடுக்கலாம் என்று சொல்லலாம். நாம் இரண்டாவது வழிக்குத்தான் வாக்களிப்போம். நடந்த கதையை அழைத்தவர் மூன்று பேரிடம் முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை.

பழைய செட்களில் ட்ரான்ஸ்பர் என்ற பட்டன் இருக்காது. ஃபிளாஷ் என்றோ ‘ஆர்’ எழுத்துப் போட்டோ ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் புது டோன் வரும், பிறகு உள் இலக்கம். சிலர் ஃபிளாஷுக்குப் பதிலாக ரிசீவர் வைக்கிற கொக்கியைக் கையால் தட்டுகிறார்கள். அந்தத் தட்டு ஒரு செக்கனுக்கும் குறைவாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடிப் போனால் ரிசீவரை வைத்துவிட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும், லைன் போய்விடும். “மாத்திவிடப் போனா கட் ஆகுது சேர்” என்று சொல்கிற அலுவலகங்களில் பாதிப் பிரச்சினை இதுதான்.

மூன்றாவது, ஃபோர்வர்ட். அறையில் ஆள் இல்லாதபோது கோலை வேறு இலக்கத்துக்கு அனுப்புவது. எல்லாக் கோலையும் அனுப்பலாம், லைன் பிஸியானால் மட்டும் அனுப்பலாம், சில மணி அடித்தும் எடுக்காவிட்டால் அனுப்பலாம். சின்ன அலுவலகத்துக்குக் கடைசி வழிதான் பொருத்தம். ஆள் இருந்தால் அவர் எடுப்பார், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போகும். கவனிக்க வேண்டிய ஒன்று: போட்டதை எடுக்க மறந்தால், இடமாற்றம் பெற்றுப் போன ஒருவரின் கைக்கு வருடக்கணக்காகக் கோல் போய்க்கொண்டிருக்கும்.

நான்காவது, தவறிய அழைப்புப் பட்டியல். மெனுவுக்குள் போனால் யார், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று இருக்கும். காலையில் வந்ததும் அதைப் பார்த்து இரண்டு பேருக்குத் திருப்பி எடுத்தால், அந்த இரண்டு பேர் பஸ் ஏற மாட்டார்கள். ஆனால் போனின் திகதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி முதலாம் திகதியைக் காட்டிக்கொண்டிருக்கிற போன்கள் நம்மிடம் எத்தனை!

ஐந்தாவது, தொந்தரவு செய்யாதே என்ற பட்டன். ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாக எழுதியிருக்கும். தூசி தட்டும்போது கை பட்டு அழுத்துப்பட்டால் மணியே அடிக்காது. மணிச் சத்தத்தைக் குறைத்து வைத்து மறந்தாலும் இதே கதை. “இப்ப ஒருத்தரும் போன் எடுக்கிறதில்லை, எல்லாரும் வாட்ஸ்அப்தான்” என்று அந்த அலுவலகம் நினைத்துக்கொண்டிருக்கும். சோதிப்பது லேசு: உங்கள் கைபேசியிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கே ஒரு கோல் எடுங்கள்.

இன்னும் மூன்று விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சிம் போடுகிற மேசைப் போன்களில் குறுஞ்செய்திப் பெட்டி இருக்கிறது. பெற்றோர் அனுப்பிய செய்திகள் யாரும் திறக்காமல் அதில் நிறைந்து கிடக்கலாம். புது வகைப் போன்களில் சிவப்பு விளக்கு மினுங்கினால் குரல் செய்தி காத்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். மூன்றாவது, கடவுச்சொல். கம்பனியிலிருந்து வந்தபடி நான்கு பூச்சியம் என்றோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றோ விட்டுவைக்காதீர்கள். இணையத்தோடு இணைந்த அலுவலகப் போன்களுக்குள் இரவில் புகுந்து வெளிநாட்டுக்குக் கோல் எடுத்து, பில்லை அலுவலகத்தின் தலையில் கட்டுகிற மோசடி உலகம் முழுக்க நடக்கிறது.

போன் வந்த கதையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற ஒருவர்தான் லைனைக் கையால் இணைப்பார். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிரேத அடக்கம் செய்து கொடுக்கும் தொழில் செய்தவர் அல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வரவேண்டிய கோல்களைப் போட்டிக்காரருக்கு இணைத்துவிடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாகச் சொல்வார்கள். அவர் நடுவில் ஆளே தேவையில்லாத தானியங்கி இணைப்பை உருவாக்கி 1891ல் காப்புரிமை பெற்றார். இன்று எக்ஸ்சேஞ்சில் அந்த ஆள் இல்லை. ஆனால் ட்ரான்ஸ்பர் பட்டன் யாருடைய கைக்கு எட்டுகிறதோ அவர்தான் இன்றைய இணைப்பாளர். ஒரு குடும்பத்தின் காரியம் நடப்பதும் நடக்காததும் சில நேரம் அந்த விரலில் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் யாரும் பழகவில்லை? நமக்குத் தெரிகிற காரணங்கள் மூன்று.

ஒன்று, பூட்டியவர் பூட்டிவிட்டுப் போய்விட்டார். கையேடு பெட்டியோடு அலுமாரிக்குள். கடவுச்சொல் தெரிந்தவருக்கு இடமாற்றம்.

இரண்டு, மொழி. மெனு ஆங்கிலத்தில். சில போன்களில் மொழியை மாற்றலாம், ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. 1987ல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1988ன் 16ஆவது திருத்தம் வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்றது. சட்டம் மேசை வரைக்கும் வந்துவிட்டது, மேசையில் இருக்கிற போனுக்குள் இன்னும் போகவில்லை. கொழும்பு அலுவலகம் ஒன்றுக்கு எடுத்து, தமிழுக்கான இலக்கத்தை அழுத்தி, கடைசியில் தமிழ் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்த அனுபவம் நமக்கும் உண்டு. அதை நாம் இங்கிருந்து திருத்த முடியாது. நம் மேசையில் தமிழில் ஒரு தாள் ஒட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இலக்கம் அழுத்துவது பற்றி இன்னொன்று. பழைய செட்களின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஆளி இருக்கும், டோனா பல்ஸா என்று. அது பல்ஸில் இருந்தால் “தமிழுக்கு இரண்டை அழுத்தவும்” என்ற குரலுக்கு நீங்கள் எத்தனை தரம் இரண்டை அழுத்தினாலும் மறுபக்கத்துக்குப் புரியாது. டோன் முறை 1963ல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முந்திய, டயல் சுற்றுகிற காலத்து முறைதான் பல்ஸ். ஆளியை டோனுக்குத் தள்ளினால் விஷயம் முடிந்தது.

மூன்றாவது காரணம் நம்முடைய வரலாறு. யுத்த காலத்தில் வன்னிக்குள் சாதாரண சனத்துக்கு டெலிபோன் கைக்கெட்டாத பொருள். வவுனியாவில் கொமினிகேஷன் கடை வாசலில் நின்று வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் குரலைக் கேட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 1990ல் வெளியேற்றப்பட்டு புத்தளம் பக்கம் போன முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஊரில் மிஞ்சிய தமிழ் அயலவர்களுக்கும் இடையில் வருடக்கணக்காக ஒரு குரலும் போய்வரவில்லை. பிறகு எல்லாம் சரியானபோது நேரே கைபேசி வந்துவிட்டது. இடையில் இருக்கிற மேசைப் போன் காலத்தை நாம் வாழவே இல்லை. ஆகவே அது நமக்கு மணி அடிக்கிற ஒரு பெட்டி மட்டும்தான்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். “எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு சேர்?”

கைபேசி ஆளுக்குச் சொந்தம். மேசைப் போன் கதிரைக்குச் சொந்தம். உத்தியோகத்தர் மாறினால் கைபேசி இலக்கமும் அவரோடு போய்விடும், மேசையின் இலக்கம் அங்கேயே இருக்கும். அதோடு, தனிப்பட்ட இலக்கம் யாருக்குக் கிடைக்கும்? அறிமுகம் உள்ளவருக்கு, சொந்தக்காரருக்கு, நாலு பேரைத் தெரிந்தவருக்கு. அறிமுகம் இல்லாத ஏழைக்குக் கிடைப்பது கடிதத் தலைப்பில் அச்சடித்த இலக்கம் மட்டும்தான். அந்த இலக்கம் வேலை செய்யாவிட்டால் உதவி என்பது உரிமை என்ற நிலை போய், தெரிந்தவருக்குச் செய்கிற தயவாகிவிடும். உத்தியோகத்தர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இரவு பத்து மணிக்கு அவர் வீட்டில் வாட்ஸ்அப் கோல் அடிப்பது சரியா?

இனி, நாம் இதை எழுத உண்மையான காரணத்துக்கு வருகிறோம்.

2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும் கூட. பாடசாலை விடுமுறை, அலுவலகமெல்லாம் பூட்டு. சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி, அலை நம் கரைக்கு வந்து சேர ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஹவாயில் இருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு நடுக்கம் தெரிந்தது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அன்று இல்லை. யாருக்குக் கோல் எடுப்பது, எடுத்தவர் யாருக்குச் சொல்வது என்ற சங்கிலியே இல்லை. முல்லைத்தீவுக் கரை எதை இழந்தது என்று இந்தப் பதிவை வாசிக்கிறவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அதே நாளில் புதுச்சேரியில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்தார். செய்தி கேட்டு ஊருக்கு ஒரு கோல் எடுத்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் நடத்திய அறிவு மையத்தில், கடல் நிலவரம் அறிவிக்கிற ஒலிபெருக்கி இருந்தது. மையம் பூட்டிக் கிடந்தது. ஊரார் பூட்டை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

ஒரு கோல். அதை எடுக்க ஒரு ஆள். எடுத்ததை ஊருக்குச் சொல்ல ஒரு வழி. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த ஊர் பிழைத்தது. இப்போது நம் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்துவிட்டது, 117 என்ற இலக்கம் இருக்கிறது. மேலேயிருந்து எச்சரிக்கை வரும். ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பாடசாலையின் பூட்டிய காரியாலயத்தில் மணி அடித்து ஓய்ந்தால்? எடுக்காவிட்டால் அதிபரின் கைபேசிக்குப் போ என்று ஃபோர்வர்ட் போட இரண்டு நிமிடம் போதும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது. அந்த மூன்று இலக்கங்களும் போனின் பெயர்ப் பட்டியலில் இருக்கின்றனவா?

இதோடு கரண்ட் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய செப்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரண போன் பேசும். இப்போது வருகிற ஃபைபர், 4ஜி, இணையப் போன்கள் அப்படியல்ல. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், போனும் போகும். புயல் வருகிற நாளில்தான் கரண்ட் போகும், அன்றைக்குத்தான் போனும் வேண்டும். சின்ன பட்டரி பெக்கப் ஒன்று வாங்குவது ஆடம்பரம் இல்லை. சிம் போன் என்றால் அதற்குள் இருக்கிற பட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று செருகியைக் கழற்றிப் பாருங்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான்.

1. ஒவ்வொரு அலுவலகமும் போன் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டட்டும். ஹோல்ட், ட்ரான்ஸ்பர், ஃபோர்வர்ட் போடுவது, எடுப்பது, தவறிய கோல் பார்ப்பது. ஐந்து வரி, தமிழிலும் சிங்களத்திலும்.

2. உள் இலக்கப் பட்டியல் திகதியோடு இருக்கட்டும். ஆள் பெயர் போடாமல் பகுதியின் பெயர் போடுங்கள். ஆள் மாறுவார், பகுதி மாறாது.

3. மாதம் ஒரு தரம் வெளியிலிருந்து ஒரு சோதனைக் கோல். மணி அடிக்கிறதா, ட்ரான்ஸ்பர் போகிறதா, நேரம் சரியா.

4. விடுமுறைக்குப் பூட்டும்போது யன்னல் பூட்டுவதைப் போல ஃபோர்வர்ட் போடுவதும் ஒரு வேலையாகட்டும்.

5. 117, 119, 1990 அம்புலன்ஸ், கிராம அலுவலர், மூன்று ஒலிபெருக்கி இடங்கள். இவை விரைவு அழைப்பில் இருக்கட்டும்.

6. பாடசாலைகளில் உயர்தரத் தகவல் தொழில்நுட்ப மாணவர்கள் இருவருக்கு இந்தத் தாளை எழுதுகிற வேலையைக் கொடுங்கள். மெனுவுக்குள் போய்த் திரும்பி வர அவர்களுக்குப் பயமில்லை.

அழைக்கிறவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. எடுத்ததும் “யார் கதைக்கிறது?” என்று அதட்டாமல், சலாமோ வணக்கமோ சொல்லி, பெயர், ஊர், விஷயம், கடிதத்தின் இலக்கம் என்ற வரிசையில் சொல்வோம். மறுபக்கம் கதைத்தவரின் பதவியையும் நேரத்தையும் ஒரு துண்டில் குறித்து வைப்போம். மிஸ்ட் கோல் கொடுத்துவிட்டு அவர் எடுக்கட்டும் என்று இருக்க வேண்டாம். நன்றாகப் பதில் சொன்ன உத்தியோகத்தருக்கு ஒரு நன்றி சொல்வோம். அவருக்கும் நாள் முழுக்கத் திட்டுத்தான் கிடைக்கிறது.

பாலம், வீதி, வைத்தியசாலை கேட்டால் நிதி இல்லை என்பார்கள். அதற்கு நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நிதி தேவையில்லை. ஒரு தாள், ஒரு பேனை, அரை மணித்தியாலம்.

நாளைக் காலை உங்கள் அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாகக் கைபேசியிலிருந்து அங்கே ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். தாள் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாணவர்களோடு வந்து எழுதித் தருகிறோம்.